கற்பக மரமும் மிதிவண்டியும்



சென்ற தசலட்சணப் பருவத்தின்போது தஞ்சைக் கரந்தை ஆதிநாதர் ஜினாலயத்திற்குச் சென்றிருந்தோம். பூசை நிறைவுற்று அனைவரும் மண்டபத்தில் அமர்ந்திருந்த வேளையில், பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். "முனிவர்கள் ஊர்தி ஏறுவதில்லை, உடைமை என்று ஒன்றையும் வைத்துக்கொள்வதில்லை. நாங்களோ இயந்திரங்களைச் செய்யவும் இயக்கவுமே கற்கிறோம். அப்படியானால் எங்கள் கல்வி பாவக் கல்வியா? இயந்திரம் பெருகப் பெருக அறம் குறையுமா?" என்பதே அவ்வினா.

பெரியோர் சிலர் தத்தமக்குத் தோன்றியவாறு விடை கூறினர். நாம் அன்று வாய் திறக்கவில்லை. வகுப்பறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் நின்ற பழக்கத்தால், நல்ல வினாவுக்கு உடனே விடை சொல்வது அவ்வினாவை அவமதிப்பது என்பது நம் எண்ணம். கந்தர்வக்கோட்டைக்குத் திரும்பும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து அதையே சிந்தித்தபடி வந்தோம். அந்த இளைஞருக்கு நேரில் சொல்லாத விடையை இங்கே எழுத்தில் வைக்கிறோம்.

முதல் ஆசிரியர்

தொழில்நுட்பம் என்றால் ஏதோ மேலைநாட்டிலிருந்து கப்பலேறி வந்தது என்று நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். நம் ஆகமங்கள் அவ்வாறு கூறவில்லை. தொழில்நுட்பத்தின் முதல் ஆசிரியர் நம் முதல் தீர்த்தங்கரராகிய ஆதி பகவானே ஆவார்.

ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்த இல்லங்களில் இக்கதை அறியாதார் இலர். ஆதியில் இந்நிலம் போகபூமியாக இருந்தது. பத்து வகைக் கற்பக மரங்கள் மக்களுக்கு வேண்டியன யாவும் தந்தன. உணவு தந்தது ஒரு மரம்; ஆடை தந்தது ஒரு மரம்; அணிகலன், இசைக்கருவி, விளக்கொளி, இருப்பிடம் எனக் கேட்டவை கேட்டவாறே கிடைத்தன. உழுதாரில்லை, நெய்தாரில்லை, எழுதினாரும் இல்லை. காலம் தேய்ந்தது. நாபி மகாராசர் காலத்தில் அம்மரங்கள் தருவதை நிறுத்தின. பசித்த மக்கள் அஞ்சி அழுதவண்ணம் நாபியிடம் ஓடினர். அவர் தம் திருமகனாரிடம் அனுப்பினார்.

ஆதி பகவான் அம்மக்களுக்குப் புதிய மரம் ஒன்றையும் வரவழைத்துத் தரவில்லை. அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிஜ்யம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தார். வாள், எழுத்து, உழவு, கலை, வணிகம், கைவினை என்பன அவை. இன்று உலகிலுள்ள பொறியும் கருவியும் இவ்வாறனுள் ஏதேனும் ஒன்றில் அடங்கும். அம்மட்டோ! தம் புதல்வியர் இருவரையும் இருபுறமும் அமர்த்தி, வலக்கையால் பிராமிக்கு எழுத்தையும் இடக்கையால் சுந்தரிக்கு எண்ணையும் எழுதிக் காட்டினார். உலகின் முதல் எழுத்தறிவு வகுப்பில் அமர்ந்தவர் இரு பெண்மக்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம், ஆசிரியப் பணி செய்த பெண்ணாகிய நமக்கு மெய்சிலிர்க்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. போகபூமியில் துன்பமில்லை, ஆயினும் அங்கிருந்து வீடுபேறு எய்தியவர் ஒருவரும் இலர். அங்கே விரதம் ஏற்க இயலாது. வேண்டியன யாவும் கேட்டவுடன் கிடைக்குமிடத்தில், எதை அடக்குவது? எதை விடுவது? வியர்வையும் தேர்வும் உள்ள கருமபூமியில்தான் விரதமுண்டு. விரதமுள்ள இடத்தில்தான் விடுதலையுண்டு. ஆகவே கற்பக மரங்கள் மறைந்ததை இழப்பு என்று மட்டும் கருதலாகாது. வீட்டின் கதவு திறந்தது அன்றுதான்.

இதை மனத்தில் இருத்திக்கொண்டால், இளைஞரின் வினாவுக்கு விடை பாதி கிடைத்துவிடும். ஒரு கருவி நம் முயற்சியைத் துணைக்கு அழைக்கிறதா, அல்லது நம் முயற்சியை விழுங்கிவிட்டுப் பயனை மட்டும் தருகிறதா என்று பார்த்தல் வேண்டும். முன்னது கருமபூமியின் கருவி. பின்னது மீண்டும் முளைத்த கற்பக மரம்.

புதுக்கோட்டையின் சக்கரம்

கருமபூமியின் கருவி எத்தகையது என்பதற்கு நம் மாவட்டமே சான்று. 1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள். எழுத்தறியாத மக்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எழுத்தும் எண்ணும் கற்பிக்க ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியமின்றி முன்வந்தனர். எழுத்தோடு மிதிவண்டியும் கற்பிக்கலாயினர். அவ்வியக்கக் காலத்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். 1992இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இதழாளர் பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த தம் நூலில் இதனை விரிவாக எழுதி நாடறியச் செய்தார்.

நாம் அப்போது நாற்பதைக் கடந்திருந்தோம். கந்தர்வக்கோட்டைப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியை. மாலையில் அறிவொளித் தொண்டர்களுக்குப் பாடம் நடத்தும் முறையைச் சொல்லித் தரும் பொறுப்பு நமக்குத் தரப்பட்டது. இரவு வகுப்புகளைப் பார்வையிட ஊர் ஊராகச் செல்ல வேண்டும். பேருந்தோ ஏழு மணியோடு நின்றுவிடும். உடன் பணியாற்றிய இளைய ஆசிரியை ஒருவர், "அக்கா, நான் சொல்லித் தருகிறேன், வாருங்கள்" என்று கண்மாய்க்கரைக்கு அழைத்தார். அவர் நம்மைவிடப் பத்து வயது இளையவர். ஆண்கள் ஓட்டும் கம்பி வைத்த சைக்கிளிலேயே பறப்பவர்.

நமக்கு நாணம். புடவையைச் சுருட்டிக்கொண்டு, வயல்வெளி மக்கள் பார்க்க, பள்ளிச் சிறுவர்கள் கைகொட்டக் குரங்குப் பெடல் அடிப்பதா? வீட்டில் மாமியாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் ஓர் எழுத்தும் அறியாதவர். தோத்திரங்களையும் புராணக் கதைகளையும் செவிவழியே கற்றவர். சாணம் தட்டிய கையைக் கழுவியபடியே, "பகவானே பெண்ணுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். உனக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒருத்தி வந்திருக்கிறாள். போய்க் கற்றுக்கொள்" என்றார். எந்த ஆகம விரிவுரையும் நமக்கு அதைவிடத் தெளிவாக வழிகாட்டியதில்லை.

நான்கு முறை விழுந்தோம், முழங்கால் தேய்ந்தது, ஐந்தாம் நாள் வண்டி ஓடியது. அந்த மாலைக் காற்றை இன்றும் மறக்கவில்லை. பகலெல்லாம் கல்லுடைத்துக் கைகாய்த்த பெண்கள், இரவில் அரிக்கேன் விளக்கின் கீழ்த் தம் பெயரை எழுதிப் பார்த்துவிட்டு, மறுநாள் பிள்ளையை முன்கம்பியில் அமர்த்தி, பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டி, தாமே மிதித்துச் சென்றதைக் கண்டோம். கணவனோ மகனோ வந்து அழைத்துப் போகும்வரை காத்திருந்த காலம் ஒழிந்தது.

மிதிவண்டியின் சிறப்பு யாதெனில், மிதிக்காவிடில் அது நகராது. மிதிப்பதை நிறுத்தினால் சற்றே ஓடிப் பின் சாய்ந்துவிடும். ஒருவர் மிதியை மற்றொருவர் மிதிக்க இயலாது. அது மனித முயற்சியைப் பெருக்கியதேயன்றி, முயற்சிக்கு மாற்றாக வரவில்லை. இரும்பால் செய்த பொருளாயினும் அதனை ஆதி பகவானின் ஆறு தொழில்களோடு சேர்த்தெண்ணுவதில் நமக்கு ஐயமில்லை.

மரங்கள் தருவதை நிறுத்திய இரவு

கற்பக மரம் எத்தகையது என்பதையும் நம் ஊரிலேயே கண்டோம். 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்து, உள்நாட்டில் புகுந்து நம் பகுதியையும் சிதைத்துச் சென்றது. தலைமுறை தலைமுறையாக நின்ற முந்திரித் தோப்புகளும், பலாவும், தென்னையும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து விழுந்தன. மின்விளக்கு இல்லை, மோட்டார் ஓடாமையால் குழாயில் நீர் இல்லை, ஓரிரு நாளில் அலைபேசிகளும் உயிரிழந்தன. பல நாட்கள் அந்நிலை நீடித்தது.

நாபி மகாராசரிடம் ஓடிய மக்களின் அச்சம் எத்தகையது என்பதை அன்று உணர்ந்தோம். சுவரிலுள்ள பொத்தானைத் தொட்டால் ஒளி, குழாயைத் திருகினால் நீர், பெட்டியைத் தட்டினால் இசை. இவை கற்பக மரங்களன்றி வேறென்ன? அவை தருவதை நிறுத்திய இரவில் நம்மிடம் எஞ்சியிருந்தது என்ன என்பதே வினா.

நாள்தோறும் மாலையில் நாம் படிக்கும் தோத்திரங்கள் யாவும் அலைபேசியில் இருந்தன. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாமென்று மகன் ஏற்றித் தந்திருந்தான். பழைய அச்சுப் புத்தகத்தைக் கரையான் அரித்துப் பல ஆண்டுகள் ஆயின. இருளில் அமர்ந்து படிக்க முயன்றபோது, பஞ்ச நமஸ்காரத்திற்கு அப்பால் நான்கு வரி தொடர்ச்சியாக நமக்கு வரவில்லை. பட்டம் பெற்றோம், ஆசிரியப் பயிற்சி பெற்றோம், பிறர்க்கும் பயிற்சி தந்தோம். என் பயன்? தொண்ணூறு வயதை எட்டிய மாமியார் சுவரில் சாய்ந்தபடி தொடங்கினார். ஓரிடத்தும் தடுக்காமல் இறுதிவரை சொல்லி முடித்தார். கூரை பறந்த பக்கத்து வீட்டார் நம் திண்ணையில் தங்கியிருந்தனர். அவர்கள் சைனரல்லர், எனினும் அழுகையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

அந்த அம்மையார் இரண்டாண்டுகளில் மறைந்தார். அவர் நினைவாக நாம் மேற்கொண்ட நோன்பு ஒன்றே: திங்களுக்கொரு தோத்திரம் மனப்பாடம். மூப்பின் காரணமாக மெல்லவே ஏறுகிறது. ஆயினும் ஏறியது எந்தப் புயலிலும் அணையாது.

பேத்தியின் சொற்பொழிவு

இப்போது புதிய கற்பக மரம் ஒன்று வந்துள்ளது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் மென்பொருள் பொதுமக்கள் கைக்கு வந்தபின், செயற்கை நுண்ணறிவு என்ற சொல் நம் வீட்டு அடுக்களை வரை வந்துவிட்டது. கட்டுரை, கவிதை, கடிதம், படம், பாட்டு, எது கேட்டாலும் நொடியில் தருகிறது.

பேத்தி மகாவீரர் ஜயந்திப் பேச்சுப் போட்டிக்கு ஆயத்தமானாள். "பாட்டி, கேளுங்கள்" என்று படித்துக் காட்டினாள். சொல் வளம் குறைவில்லை, பிழையுமில்லை. அகிம்சை, அபரிக்கிரகம், அநேகாந்தம் என மூன்றும் ஒழுங்காக அணிவகுத்து நின்றன. மகிழ்ந்து, ஆசிரியப் பழக்கத்தால் மூன்று வினாக்கள் கேட்டோம். "அபரிக்கிரகம் என்கிறாயே, உன் அலமாரியில் நீ உடுத்தாத உடைகள் எத்தனை? அகிம்சை என்கிறாயே, இந்த வாரம் உன் சொல்லால் எவர் மனம் நொந்தது? அநேகாந்தம் என்கிறாயே, உன் தோழியோடு சண்டையிட்டாயே, அவள் பக்கத்து நியாயம் என்ன?" குழந்தை திகைத்தாள். பிறகு மெல்ல, "இது நான் எழுதியதில்லை, பாட்டி. போனிடம் கேட்டேன்" என்றாள்.

நாம் சினக்கவில்லை. அச்சிட்ட உரைநூலைப் பார்த்து எழுதிய மாணவர்களை நாம் காணாதவரா? அக்கருவி பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டுகிறது. அறியாத மொழியைப் பெயர்த்துத் தருகிறது. அதன் நன்மையை மறுப்பது பொய்யாமைக்கு ஒவ்வாது. ஆயினும் அறவுரை எழுதுவதன் பயன் எழுதப்பட்ட தாளில் இல்லை. எழுதும்போது எழுதுபவரின் உள்ளத்தில் நிகழும் உழவே அதன் பயன். உழாமல் வந்த விளைச்சலால் நிலம் பண்படுமா?

நம் மாவட்டத்துச் சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் மேற்கூரை ஓவியத்தை நினைவு கூருங்கள். தாமரையும் மீனும் அன்னமும் யானையும் எருமையும் நிறைந்த பொய்கை அது. சமவசரணத்தின் நீர்ப்பகுதியைக் குறிப்பது என்பர் அறிஞர். அதனுள் பவ்விய ஜீவன்கள் மூவர் மலர் கொய்கின்றனர். தேவர்கள் அமைக்கும் சமவசரணத்தில் மலர் தானே வந்து கையில் விழும்படி வரைந்திருக்கலாம். ஓவியர் அவ்வாறு வரையவில்லை. அம்மூவரும் தாமே நீரில் இறங்கித் தம் கையாலேயே கொய்கின்றனர். பகவானுக்குப் படைக்கும் மலரை வேறொருவர் பறித்துத் தரலாகாது என்பது அவ்வோவியம் நமக்குக் கற்பிக்கும் பாடமாகும். 9ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் எனக் கல்வெட்டுக் கூறும். அவரும் ஓர் ஆசிரியர் என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

பேத்தியிடம் இதைக் கூறினோம். அவள் அன்றிரவே தோழிக்குத் தொலைபேசியில் பேசினாள். போட்டியில் அவள் ஆற்றிய உரை பாதி அளவே இருந்தது, இரண்டிடத்தில் தடுமாறினாள், பரிசு கிட்டவில்லை. ஆனால் அநேகாந்தம் என்ற சொல்லின் பொருளை அவளிடமிருந்து இனி எவரும் பறிக்க முடியாது.

நம் குற்றம்

பேத்தியைத் திருத்தியதாக இதுவரை சொன்னோம். நம்மைத் திருத்தியவரைச் சொல்லாது விடின் இவ்வுரை முழுமை பெறாது, நேர்மையும் ஆகாது.

மிதிவண்டி கற்பித்த அந்த இளைய ஆசிரியையை முன்னரே கூறினோம். 1994ஆம் ஆண்டு, பள்ளிப் பொறுப்பு ஒரு வாரம் நம்மிடம் இருந்தது. நண்பகலில் மாணவன் ஒருவனைத் தேள் கொட்டியது. நாமே அவரை அழைத்து, "உன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்றோம். அவர் சிறுவனைக் கம்பியில் அமர்த்தி, வெயிலில் பறந்தார். பிள்ளை பிழைத்தான். அவர் திரும்புமுன் எதிர்பாராமல் பார்வைக்கு ஓர் அதிகாரி வந்தார். ஆசிரியையின்றி வகுப்பு இருப்பதைக் கண்டு, "யார் அனுமதித்தது?" என்று வெகுண்டார். அனுமதிப் பதிவேட்டில் எழுதாமல் அனுப்பியது நம் பிழை. அதை ஒப்புக்கொள்ளும் துணிவு நமக்கு இல்லாது போயிற்று. "சொல்லாமல் போய்விட்டார் போலும்" என்றோம்.

அவருக்கு மெமோ வந்தது. பதவி உயர்வு தள்ளிப் போயிற்று. அவர் நம்மிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் "அக்கா" என்று அழைப்பதை நிறுத்தி, "டீச்சர்" என்று அழைக்கலானார். ஓர் உயிரைக் காக்க ஓடிய அந்தச் சைக்கிளின் மேல் பழியில்லை. பழியெல்லாம் நம் நாவின் மேல்.

ஆண்டுகள் கழிந்தன. இருவரும் ஓய்வு பெற்றோம். 2021ஆம் ஆண்டு தசலட்சணப் பருவம் முடிந்த க்ஷமாவாணி நாளன்று, தாமரைப் படத்தின் மேல் மன்னிப்பு வேண்டும் அழகிய வாசகம் ஒன்று நம் அலைபேசிக்கு வந்தது. அதை அப்படியே நம் பட்டியலிலுள்ள அனைவர்க்கும் அனுப்பினோம். அவர் பெயரும் அப்பட்டியலில் இருந்தது. ஒரு நாழிகையில் கைகூப்பும் சித்திரம் ஒன்று அவரிடமிருந்து வந்தது. இருபத்தேழு ஆண்டுப் பாரம் இறங்கியதென மகிழ்ந்து, அன்று பாரணையை மனநிறைவோடு உண்டோம்.

மறு ஆண்டு அவருக்கு அறுவை நடந்ததென்று கேட்டுப் பார்க்கச் சென்றோம். பழம் கொடுத்தோம், நலம் கேட்டோம். விடைபெறும் நேரத்தில் அவர் கேட்டார்: "டீச்சர், போன வருஷம் மன்னிப்புன்னு ஒரு படம் அனுப்பினீங்களே. அது எனக்கா, எல்லாருக்குமா?"

நமக்கு நா எழவில்லை. வாயிற்படி வரை சென்ற நாம் திரும்பி வந்து கட்டிலருகே அமர்ந்தோம். தேள் கொட்டிய நாளையும், நாம் சொன்ன பொய்யையும், அதை ஏன் சொன்னோம் என்பதையும், அவருடைய மகள் கேட்டிருக்க, ஒன்றும் விடாமல் கூறினோம். கூறி முடிக்க அரை மணி ஆயிற்று. கை நடுங்கியது. அவர் நெடுநேரம் சுவரையே பார்த்திருந்தார். பின்னர், "அந்தப் பையன் இப்ப லாரி ஓட்டறான் அக்கா. தீபாவளிக்கு வந்து பார்த்துட்டுப் போவான்" என்றார்.

வேறெதுவும் அவர் சொல்லவில்லை. "அக்கா" என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

சிந்தித்துப் பாருங்கள். அலைபேசி நமக்குச் செய்த தீங்கு யாது? அது பொய் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்ட உணர்வை, கேளாமலேயே நமக்குத் தந்தது. கற்பக மரம் தரும் பழம் அதுதான். பசி அடங்கியது போலிருக்கும், உண்டது நாமல்லோம்.

நூற்றெட்டு வாயில்கள்

தத்துவார்த்த சூத்திரம் வினை ஊற்றுக்குரிய அதிகரணங்களை உயிர், உயிரல்லாதது என இரண்டாக வகுக்கிறது. உயிரைச் சார்ந்ததற்கு நூற்றெட்டு விரிவு கூறுவர். எண்ணுதல், ஆயத்தம் செய்தல், செயற்படுத்தல் என மூன்று; மனம், வாக்கு, காயம் என மூன்று; தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், பிறர் செய்ததை உடன்படுதல் என மூன்று; சினம், செருக்கு, மாயம், பற்று என நான்கு. பெருக்கிப் பார்த்தால் 108. செபமாலையின் மணிகள் 108 ஆனதற்கு இதனையே காரணம் கூறுவர்.

உடன்படுதல், அதாவது அனுமோதனை என்பதைச் சற்றே நின்று நோக்குக. முற்காலத்தில் பிறர் செய்த தீமைக்கு உடன்பட, அதை நேரில் காணவோ கேட்கவோ வேண்டியிருந்தது. இன்றோ பழிச்சொல், பகைமூட்டும் செய்தி, ஒருவரை இழிவு செய்யும் படம் ஆகியவற்றிற்கு விரல் நுனியால் விருப்பக் குறியிட்டு, அடுத்தவர்க்கும் தள்ளிவிடுகிறோம். நாம் எழுதவில்லையே என்று ஆறுதல் கொள்கிறோம். அனுமோதனையும் வினை ஊற்றே என்று சூத்திரம் அன்றே கூறிவிட்டது.

அருங்கலச்செப்பு போன்ற இல்லறத்தார்க்குரிய நூல்கள் கூறும் அனர்த்த தண்ட விரதமும் இக்காலத்திற்கென்றே அமைந்தது போலுள்ளது. பயனின்றிப் பாவம் சேர்ப்பதைத் தவிர்ப்பது அவ்விரதம். கொலைக்குரிய கருவிகளைப் பிறர்க்குத் தருதல் அதனுள் ஒரு குற்றம். மனத்தைக் கெடுப்பவற்றைக் கேட்டல் மற்றொன்று. நோக்கமின்றிச் செய்யும் வீண்செயல் வேறொன்று. கருவி செய்யும் இளைஞர்கள் முதலாவதையும், கருவி பயன்படுத்தும் நாமனைவரும் மற்ற இரண்டையும் நெஞ்சில் எழுதிக்கொள்ளல் நலம்.

முற்றும் துறந்த முனிவரும் மூன்று பொருள்களை உடன் வைத்திருப்பர். சிற்றுயிர் காக்க மயிற்பீலி, தூய்மைக்குக் கமண்டலம், ஞானத்திற்கு நூல். இவற்றை உபகரணம் என்பர். உயிருக்கு உதவுவதே உபகரணம். நம் கையிலுள்ள கருவி மயிற்பீலியைப் போல ஓர் உயிரைக் காக்கிறதா, கமண்டலத்தைப் போல நம்மைத் தூய்மை செய்கிறதா, நூலைப் போல அறிவைத் தருகிறதா என்று கேட்டுப் பார்ப்போம். தேள் கொட்டிய சிறுவனைச் சுமந்த சைக்கிள் அன்று மயிற்பீலியாயிற்று.

ஆகவே, வினா விடுத்த இளைஞரே, உம் கல்வி பாவக் கல்வியன்று. அது ஆதி பகவான் தொடங்கி வைத்த கல்வி. கற்பீராக, கருவிகளும் செய்வீராக. செய்யும்போது ஒன்றை மட்டும் எண்ணுவீராக: இதைக் கைக்கொள்பவர் மிதிக்க ஓர் இடம் விட்டிருக்கிறேனா?

நம்மைப் போன்ற இல்லத்தார்க்கு மூன்று சிறு நியமங்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம். போகோபபோக பரிமாண விரதத்தின் பகுதியாக, நாளில் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், சாமாயிக வேளையில் அலைபேசியை அணைத்து வைப்போம். நாமே படித்து, மெய்யென்றும் நலமென்றும் தெளியாத எதையும் பிறர்க்கு அனுப்பாதிருப்போம். வரும் க்ஷமாவாணி நாளில் எவருக்கும் படம் அனுப்ப வேண்டா. உண்மையில் எவரை நோகச் செய்தோமோ அந்த ஒருவரிடம், செய்த குற்றத்தைப் பெயர் சொல்லி, நம் குரலாலேயே மன்னிப்புக் கேட்போம். தொலைவிலிருப்பின் அலைபேசியிலேயே கேட்கலாம். குரல் நம்முடையதாக இருந்தால் அதுவும் உபகரணமே.

இப்போதும் ஞாயிறுதோறும் மாலையில் அந்த ஆசிரியைத் தங்கையோடு அலைபேசியில் பேசுகிறோம். முழங்கால் வலியைப் பற்றித்தான் பெரும்பாலும் பேச்சு. எப்போதேனும் கண்மாய்க்கரையில் நாம் விழுந்த கதையைச் சொல்லி அவர் சிரிப்பார், நாமும் சிரிப்போம்.

அனைத்துயிர்களும் நம்மைப் பொறுத்தருள்க. நாமும் அனைத்துயிர்களையும் பொறுத்தோம்.

அறம் வளர்க! ஜினதர்மம் ஓங்குக!